நற்பழக்கங்கள் நிலைபெறுவது எவ்வாறு?

(மூன்றாம் ஆண்டு மாணவி, விலங்கியல் துறை)

முன்னுரை

‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பார்கள் பெரியோர். இப்பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. தொட்டிலில் வந்த பழக்கந்தான் இறுதிவரை நிற்கும் என்றால், இருபது வயதிலோ ஐம்பது வயதிலோ ஒருவர் புதிதாக ஒரு நல்ல பழக்கத்தைக் கைக்கொள்ளவே இயலாதா? இயலும் என்பதே நான் கண்ட விடை. ஆனால் அது நாம் நினைக்கும் வழியில் வருவதில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடல்நலத்திற்கு ஏற்ற பழக்கங்கள் எவை என்பது நம்மில் யாருக்கும் தெரியாததன்று. வேளைக்கு உண்ண வேண்டும். உடலுக்கு உழைப்புத் தர வேண்டும். நேரத்திற்கு உறங்க வேண்டும். புகையிலையைத் தொடக் கூடாது. இவற்றையெல்லாம் தொடக்கப் பள்ளியிலேயே படித்துத் தேர்வும் எழுதிவிட்டோம். தெரிந்தும் ஏன் செய்வதில்லை என்பதே கேள்வி. நம் விடுதி அறைகளின் சுவர்களைப் பாருங்கள். ‘காலை 4.30 – எழுதல், 4.45 – உடற்பயிற்சி, 5.15 – படிப்பு’ என்று வண்ண மையில் எழுதி ஒட்டிய அட்டவணைகள் பல உண்டு. ஒரு வாரம் சென்றபின் அவற்றின்மேல் ஈரத்துண்டு காய்வதும் உண்டு. அவ்வாறு ஒட்டியவர்களுள் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நான் ஒழுங்கின் இலக்கணம் அல்லள். என் தந்தையாரின் இடது காலில் நான்கு விரல்களே உள்ளன. அந்த ஐந்தாவது விரல்தான் என்னை இப்பொருளைப் படிக்க வைத்தது.

ஒரு விரலின் கதை

என் தந்தையார் பேருந்து ஓட்டுநர். இருபத்து மூன்று ஆண்டுகள் டவுன் பஸ் ஓட்டியவர். ஓட்டுநரின் நாள் எப்படிப்பட்டது என்பதை எங்களைப் போன்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அறிவர். விடியற்காலை முதல் நடைக்குப் போகும்போது வெறும் வயிறு. ஒவ்வொரு நடை முடிவிலும் ஒரு தேநீர். நாளொன்றுக்கு ஏழோ எட்டோ ஆகும். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. பகலுணவு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ. இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் வயிறு நிறையச் சோறு. உண்ட கையோடு உறக்கம்.

அவருக்கு நாற்பத்து நான்காம் வயதில் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். உண்டார். உடம்பு இலேசானதும் நிறுத்தினார். மறுபடி தளர்ச்சி வந்தால் மறுபடி உண்பார். இப்படிச் சில ஆண்டுகள் சென்றன.

2022ஆம் ஆண்டு நான் இக்கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில், புதுச் செருப்பு கடித்து அவரது சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் எழுந்தது. கொப்புளம் உடைந்து புண்ணானது. புண் சீழ் பிடித்தது. இத்தனையும் நடந்தது அவருக்குத் தெரியாது. வீட்டுத் தரையில் ஈரக் கறையைக் கண்டு, “ஏங்க, கால்ல என்னங்க இது?” என்று அம்மா கேட்டபோதுதான் அவர் குனிந்து பார்த்தார். அதற்குள் நஞ்சு எலும்புவரை இறங்கிவிட்டது. விரலை எடுத்தால்தான் காலைக் காக்கலாம் என்றார்கள். பதினேழு நாள் மருத்துவமனையில் இருந்தோம்.

கட்டுப் பிரிக்கும்போது அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “வலிச்சிருந்தா பாத்திருப்பேன் பாப்பா. வலிக்கவே இல்லியே.”

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நரம்புகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதுபடும். முதலில் தொலைவில் உள்ள பாதங்களில்தான் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறுவதும் தாமதமாகும். வலி என்பது உடம்பு அடிக்கும் மணி. மணி அறுந்த வீட்டில் நாள்தோறும் நாமே சென்று கதவைப் பார்த்துவர வேண்டும். அதாவது, வலி செய்த வேலையை இனிப் பழக்கம் செய்தாக வேண்டும்.

வீடு திரும்பும்போது மருத்துவர் பதினொரு அறிவுரைகளை எழுதித் தந்தார். நாள்தோறும் நடத்தல், பாதத்தைப் பார்த்தல், வெறுங்காலுடன் நடவாமை, வேளை தவறாத மருந்து முதலியன. அம்மா அத்தாளை நாட்காட்டி மாட்டிய ஆணியிலேயே குத்தி வைத்தார். இரண்டு மாதத்தில் அதன்மேல் மின்கட்டண அட்டை, ரேஷன் கடைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஏறிவிட்டன. என் விடுதி அட்டவணைக்கு நேர்ந்த கதிதான் அதற்கும். விரலை இழந்தவருக்கே அச்சம் இரண்டு மாதத்திற்கு மேல் துணை நிற்கவில்லை என்றால், நல்ல பழக்கத்தை உண்டாக்குவது அறிவும் அன்று, அச்சமும் அன்று. வேறு ஏதோ ஒன்று என்பது எனக்கு அன்று விளங்கிற்று.

பழக்கம் என்பது யாது?

ஒரு செயலை ஒரே சூழலில் திரும்பத் திரும்பச் செய்யும்போது, நாளடைவில் அச்சூழலே அச்செயலைத் தூண்டிவிடுகிறது. எண்ணிப் பார்த்துச் செய்த செயல் எண்ணாமலே நடைபெறத் தொடங்குகிறது. இதுவே பழக்கம். அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் நூலில் பழக்கத்திற்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். அதன் பின்னர் வந்த ஆய்வாளர்கள் மூளைக்குள்ளேயே இதனைத் தேடினர். மூளையின் உட்பகுதியில் ‘பேசல் கேங்லியா’ என்னும் நரம்பணுத் திரள்கள் உள்ளன. புதிர்ப்பாதையில் ஓடப் பழகிய எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளில், தொடக்கத்தில் ஓட்டம் முழுவதிலும் கிளர்ந்திருந்த இப்பகுதி அணுக்கள், பழகிய பின்னர் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே மிகுதியாகக் கிளர்ந்தன. தனித்தனி அடிகளாக இருந்தது ஒரே கட்டாகக் கட்டப்பட்டுவிட்டது எனலாம்.

இதற்கு எலியைத் தேட வேண்டியதில்லை. மிதிவண்டி பழகிய நாளை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் கைப்பிடி, மிதி, பிரேக் என ஒவ்வொன்றையும் எண்ணினோம். இன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கல்லூரி வந்து சேர்கிறோம்.

ஆகவே ஒரு பழக்கத்திற்கு மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, அதனைத் தூண்டும் குறிப்பு, இரண்டு, செயல், மூன்று, செயலால் கிடைக்கும் நிறைவு. என் தந்தையாரின் தேநீரை எடுத்துக்கொள்வோம். நடை முடிந்து வண்டியை நிறுத்துவது குறிப்பு, தேநீர் செயல், நிறைவு எது? சர்க்கரை என்று நான் நினைத்திருந்தேன். அவரைக் கேட்டபோது, “டீயா பெருசு? பத்து நிமிசம் கால நீட்டி நாலு பேரோட பேசலாம்ல” என்றார். நிறைவு பேச்சிலும் ஓய்விலும் இருந்தது. சர்க்கரை உடன் வந்தது. இதைக் கண்டுகொண்ட பிறகு சர்க்கரையைக் குறைப்பது எளிதாயிற்று. அதே கடை, அதே நண்பர்கள். தேநீரில் மட்டும் சர்க்கரை இல்லை. பழக்கத்தை வேரோடு பிடுங்குவதைவிட அதன் நடு உறுப்பை மாற்றுவது எளிது என்பதற்கு இது சான்று.

ஓட்டுநரும் நடத்துநரும்

உடலுழைப்பு நலந்தரும் என்பதை முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்களுள் ஒருவர் ஆங்கில மருத்துவர் ஜெரி மாரிஸ். அவரும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்கொண்டது இலண்டன் நகரப் பேருந்துத் தொழிலாளர்களை! அங்கு மாடிப் பேருந்துகள் ஓடின. ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுக்க நாள் முழுவதும் படியேறி இறங்குவார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது என்பதை 1953ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

இவ்வாய்வின் பிற்பகுதி இன்னும் சுவையானது. 1956இல் அதே குழுவினர் தொழிலாளர்களுக்குத் தைத்த சீருடைகளின் இடுப்பளவை ஆராய்ந்தனர். ஓட்டுநர்களின் காற்சட்டைகள் நடத்துநர்களுடையவற்றைவிட அகலமாக இருந்தன. இளவயதினரிடமும் அவ்வேறுபாடு காணப்பட்டது. எனவே வேறுபாடு முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதை அவர்களே வெளிப்படுத்தினர். தம் முடிவைத் தாமே ஐயுறும் இந்த நேர்மை அறிவியல் மாணவர்கள் அனைவரும் கற்க வேண்டியது.

இந்த ஆய்வை என் தந்தையாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அதான் நம்ம கண்டக்டர் இன்னும் குச்சியாட்டம் இருக்காரு” என்று சிரித்தார். பிறகு, “அவுரு நடக்கிறதுக்குச் சம்பளம் வாங்கினாரு. நான் உக்காந்ததுக்கு வாங்கினேன்” என்றார். அவர் சொன்னதில் ஓர் உண்மை உண்டு. நடத்துநர் நலத்திற்காக நடக்கவில்லை; அவர் தொழில் அவரை நடக்க வைத்தது. மன உறுதியை நம்பாமல் நாளின் அமைப்பிலேயே நடையைப் பொருத்திவிட்டால் நடை தானே நிகழும்.

எத்தனை நாளில் பழக்கம் ஆகும்?

‘இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்று பலரும் கூறுகிறோம். இக்கூற்றின் பிறப்பிடம் வேடிக்கையானது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் ஒரு நூல் எழுதினார். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தம் புதிய முகத்திற்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ இருபத்தொரு நாள் ஆகிறது என்று அதில் தம் அனுபவத்தைக் குறிப்பிட்டார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியிலே உதிர்ந்துபோக, கண்ணாடியில் முகம் பார்ப்பதற்குச் சொன்னது காலையில் எழுவதற்கும் நடப்பதற்கும் விதியாகிவிட்டது.

இதனை முறையாக ஆராய்ந்தவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி. அவர் குழுவினரின் ஆய்வு 2009இல் வெளிவந்தது. தாமாக முன்வந்த 96 பேர் உணவு, குடிநீர், உடற்பயிற்சி பற்றிய ஏதேனும் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே குறிப்புக்குப் பின் 12 வாரம் செய்துவந்தனர். செயல் எண்ணாமலே நிகழும் நிலையை அடைய எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை 66 நாள். ஆனால் சிலருக்கு 18 நாளே ஆயிற்று. ஒருவருக்கு 254 நாள் ஆகும் எனக் கணக்கிட்டனர். ஆய்வே 84 நாள்தான் என்பதால் இந்த 254 கணித முறையில் நீட்டிப் பெற்ற எண் என்பதையும் மறத்தலாகாது. தண்ணீர் அருந்துவது போன்ற எளிய செயல்கள் விரைவிலும், உடற்பயிற்சி மெதுவாகவும் பழக்கமாயின. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை.

இந்தக் கடைசி முடிவு எனக்குப் பெரும் ஆறுதல் தந்தது. நம் அட்டவணைகள் சாவது முதல் நாள் தவறியதால் அன்று. ‘தவறிவிட்டதே, இனி எதற்கு’ என்று நாம் கைவிடுவதால்தான்.

எங்கள் வீட்டுச் சோதனை

2023ஆம் ஆண்டு சூன் மாதம், தந்தையாருக்குப் பணிமனையில் உட்காரும் வேலை கொடுக்கப்பட்டது. முதன்முறையாக அவருடைய நாளுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. வாழ்க்கை திரும்பும் இடத்தில்தான் பழைய குறிப்புகள் அறுபடுகின்றன. புதிய பழக்கத்தை நட அதுவே ஏற்ற பருவம் என்று படித்திருந்தேன். பதினொரு அறிவுரைகளையும் ஒன்றாகத் தொடங்காமல் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டோம். இரவு உணவை எட்டு மணிக்கு முடித்து, கை கழுவியவுடன், நானும் அவரும் எங்கள் தெருவிலிருந்து மாரியம்மன் கோயில் ஆலமரம்வரை சென்று திரும்புவது. ‘நேரம் கிடைக்கும்போது நடப்போம்’ என்று சொல்லவில்லை. கை கழுவுவதே குறிப்பு. எப்போது, எங்கே, என்ன என்று முன்கூட்டியே முடிவு செய்த எண்ணம் வெறும் விருப்பத்தைவிட நிறைவேறுதல் மிகுதி என்பது உளவியலாளர் பலரும் கண்ட செய்தி.

முன்னேற்பாடாக மருத்துவரைக் கேட்டுக்கொண்டோம். புண் முழுதும் ஆறிய பின்பே நடக்கத் தொடங்கினார். எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம். அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவராதலால் சர்க்கரை தாழ்ந்தால் உதவ என் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் இருக்கும். நடப்பதற்காக மருந்தை நிறுத்தவில்லை; மருந்துண்பதால் நடையை விடவும் இல்லை.

நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் அதனைப் பார்த்துவிட்டு, “ரெக்கார்டு நோட்டுக்கும் இதற்கும் ஒரே விதிதான் அம்மா. நடக்காத நாளை வெற்றிடமாக விடு. பிறகு நிரப்பாதே. காரணத்தை மட்டும் எழுது” என்றார். அவர் சொற்படியே செய்தேன்.

முதல் 200 நாட்களில் 151 நாள் நடந்தோம். 49 நாள் நடக்கவில்லை. காரணங்கள்: மழை 14, விருந்தினர், திருவிழா 11, காய்ச்சலும் மருத்துவமனையும் 9, காரணமே இல்லாதவை 15. ஒரு நாள் மட்டும் தவறிய இடங்களில் மறுநாள் எளிதாகத் தொடங்கிவிட்டோம். இரண்டு நாள் தொடர்ந்து விட்ட இடங்களிலெல்லாம் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் போயின. தீபாவளியை ஒட்டி ஆறு நாள் போயிற்று. எனவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது: ஒரு நாள் தவறலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் தவறலாகாது. மழை நாளில் ஆலமரம் இல்லையென்றால் திண்ணையிலேயே இருபது சுற்று. செயல் சிறிதானாலும் குறிப்பு அறுபடக் கூடாது. ஒரே ஒருவரை வைத்துக் கண்ட முடிவை எல்லார்க்கும் விதியாக்க முடியாது என்பதை நான் அறிவேன்; ஆயினும் கண்டதைக் கூறுகிறேன்.

எண்பத்து மூன்றாம் நாளின் பக்கத்தில் ஒரு குறிப்பு உள்ளது. அன்று எனக்கு மறுநாள் அகமதிப்பீட்டுத் தேர்வு. படிப்பில் ஆழ்ந்து நேரத்தை மறந்துவிட்டேன். வாசலிலிருந்து குரல் வந்தது: “பாப்பா, மணி எட்டே கால் ஆச்சு. வர்றியா, நான் போயிட்டு வந்துடவா?” எட்டிப் பார்த்தேன். செருப்பைத் தட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். எண்பத்திரண்டு நாள் நான்தான் அவரை அழைத்தேன். அன்றுதான் பழக்கம் அவரை அழைத்தது.

நடை நிலைத்த பிறகே அடுத்ததைச் சேர்த்தோம். நடந்து வந்து கால் கழுவித் துடைத்தவுடன், சிறு கண்ணாடியை வைத்துப் பாதத்தின் அடிப்புறத்தையும் விரலிடுக்குகளையும் பார்ப்பது. நடை முன்னரே நிலைத்திருந்ததால் இது அதனோடு ஒட்டிக்கொண்டது. சென்ற ஆண்டு ஒரு சிறு முள் கீறலை இவ்வாறுதான் அன்றே கண்டு மருந்திட்டோம். நான்கு நாளில் ஆறியது. 2023 சூனில் 10.8 ஆக இருந்த அவரது மூன்று மாதச் சர்க்கரை அளவு, ஓராண்டில் 7.4க்கு வந்தது. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

என் அம்மாவின் கதையையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். அவருக்கு இரத்த அழுத்தம். 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்தது; வந்த மாத்திரை அலமாரியிலேயே இருந்தது. ஆனால் நான் அறிந்தவரை அம்மா ஒரு நாளும் காலையில் விளக்கேற்றத் தவறியதில்லை. மாத்திரை அட்டையைத் தீப்பெட்டிக்கு அருகில் வைத்தேன். அவ்வளவுதான். அதன்பின் எந்த அறிவுரையும் தேவைப்படவில்லை.

பழியும் பழக்கமும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பழக்கத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் நோயுற்றவரைப் பழிப்பதில் முடிப்பதுண்டு. அது தவறு. நம் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை நோக்குவோம். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டனர். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேரே ஆயினர். நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பியது பெரிய வெற்றி. ஆனால் அந்த 39 பேரையும் பாருங்கள். அவர்களுக்கும் நடையும் உணவு மாற்றமும் கற்பிக்கப்பட்டன. ஆயினும் நோய் வந்தது. பிறப்பும் தொழிலும் வறுமையும் நோயில் பங்கு கொள்கின்றன. வேளைக்கு உண்ண இயலாத வேலை நேரத்தை ஓட்டுநரா வகுத்தார்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. இத்தனை பேரும் மன உறுதி அற்றவர்கள் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? தனிமனிதர் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எவ்வளவு உண்மையோ, பழக்கம் வளர ஏற்ற நேரமும் இடமும் சமுதாயம் அமைத்துத் தர வேண்டும் என்பதும் அவ்வளவு உண்மை.

நாம் செய்யத்தக்கன

கல்லூரியில் காலடி வைக்கும் பருவமும் வாழ்க்கை திரும்பும் இடந்தான். வீட்டுக் குறிப்புகள் அறுபட்டு விடுதிக் குறிப்புகள் வந்து ஒட்டுகின்றன. நல்லதும் ஒட்டும், தீயதும் ஒட்டும். காலை உணவை விட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிப்பது, தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று மாணவியர் மாலைவரை நாவறண்டு இருப்பது, நள்ளிரவுவரை கைப்பேசியைத் தேய்ப்பது, நண்பன் நீட்டினான் என்று புகையிலைப் பொட்டலத்தை வாங்குவது, இவை யாவும் நாம் முடிவெடுத்துத் தொடங்கியவை அல்ல. சூழல் நமக்காக எடுத்த முடிவுகள். அவற்றை மாற்ற நான் கற்ற பாடங்கள் ஐந்து:

1. ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும். அது வெட்கப்படும் அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும்.

2. நாள்தோறும் தவறாமல் நடைபெறும் ஒன்றோடு அதனைக் கட்டுங்கள். பல் துலக்கியவுடன் ஒரு குவளைத் தண்ணீர். கடைசி மணி அடித்தவுடன் மைதானத்தில் இரண்டு சுற்று.

3. நல்லதைக் கையருகிலும் தீயதை எட்டாத இடத்திலும் வையுங்கள். கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறக்கத்தை வேண்டுவது, பூனையை மடியில் வைத்துக்கொண்டு பாலைக் காப்பது போன்றதே.

4. துணை தேடுங்கள். என் தந்தையார் தனியே நடந்திருக்கமாட்டார். நானும் தனியே நடந்திருக்கமாட்டேன்.

5. உண்மையைக் குறித்து வையுங்கள். தவறிய நாளை மறைக்காதீர்கள். அடுத்த நாளைத் தவறவிடாதீர்கள்.

கல்லூரியின் பொறுப்பாகவும் ஒன்றைக் கேட்கலாம். தூய குடிநீரும் தூய கழிவறையும் காலை உணவுக்கு ஒரு வழியும் இருந்தால், நூறு சொற்பொழிவுகள் செய்யாததை அவை செய்யும்.

முடிவுரை

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வளர்ந்தவர் ஒருவருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்புத் தேவை. கணக்குப் பார்த்தால் குறைந்த அளவு நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடந்தான். எங்கள் வீட்டிலிருந்து ஆலமரம் சென்று திரும்ப, தந்தையாரின் நடையில் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது.

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றால், தொட்டில் என்பது எந்த வயதிலும் கட்டக்கூடியது என்று நான் பொருள் கொள்கிறேன். என் தந்தையார் ஐம்பதாம் வயதில் ஒரு தொட்டிலைக் கட்டினார். இந்த ஆண்டுடன் என் படிப்பு முடிகிறது. மேற்படிப்புக்கு வெளியூர் செல்ல நேர்ந்தால் அப்பா நடப்பாரா என்று கவலைப்பட்டேன். சென்ற வாரம் எட்டு மணிக்குத் தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. பழைய நடத்துநரும் எதிர்வீட்டு மாமாவும் அவருக்காக வாசலில் காத்திருந்தார்கள். நான் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர்கள் தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தார்கள்.